காருக்குள் மர டிரிமில் கீறல்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மத்தியான வெயில் சாய்ந்து கண்ணாடி வழியாகப் பக்கவாட்டில் விழும்போதுதான் எல்லாம் தெரியவரும். காலையில் பளபளப்பாக இருந்த டேஷ்போர்டின் மரப் பட்டி முழுக்கச் சிலந்தி வலை பின்னியதுபோலக் கோடுகள். கியர் லீவர் பக்கத்தில் சாவிக்கொத்து உரசிய வெள்ளைக் கோடு. டிரைவர் கதவில், ஜன்னல் சுவிட்சைச் சுற்றி மோதிரமும் வளையலும் விட்டுப்போன தடங்கள். பார்த்ததும் கை பரபரக்கும். வீட்டில் இருக்கும் எதையாவது போட்டுத் தேய்க்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். கீறல் எந்த அடுக்கில் இருக்கிறது என்று தெரியாமல் தேய்த்தால், கீறலைவிடத் தேய்த்த இடம்தான் பிறகு கண்ணை உறுத்தும். தேய்த்து எடுத்த பூச்சு திரும்ப வளராது.

முதலில், அது மரம்தானா?

நம் ஊரில் ஓடும் கார்களில் 'உட் ஃபினிஷ்' என்று சொல்லப்படுவதில் பெரும்பாலானது மரமே அல்ல. டொயோட்டா இனோவா, கரோலா ஆல்டிஸ் போன்றவற்றின் மேல்ரக மாடல்களில் வருவது மர வரி பதித்த பிளாஸ்டிக். இதைச் செய்ய ஒரு வழி உண்டு: மர வரி அச்சிட்ட மெல்லிய படலத்தைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, பிளாஸ்டிக் பாகத்தை மேலிருந்து மெதுவாக முக்குவார்கள். அச்சு அப்படியே வளைவு நெளிவெல்லாம் ஒட்டிக்கொள்ளும். காய்ந்ததும் அதன்மேல் கிளியர் கோட், அதாவது நிறமில்லாத பளபளப்புப் பூச்சு, அடிப்பார்கள். காரின் வெளிப்பெயின்டில் கிளியர் கோட் சுமார் 40 முதல் 50 மைக்ரான்தான் இருக்கும். ஒரு தலைமுடியின் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் டிரிமிலும் அதைவிடத் தாராளமாக எதிர்பார்க்க வேண்டாம்.

நிஜ மரம் வேறு கதை. மெர்சிடிஸ் பென்ஸ் 1995-இல் புனேயில் இணைத்து விற்கத் தொடங்கிய டபிள்யூ124 இன்னும் நம் ஊரில் பலர் பாசத்தோடு வைத்திருக்கும் வண்டி. அந்தத் தலைமுறை பென்ஸ்களில் செப்ரானோ என்ற வரிமரம் உண்டு. காமரூன், காபோன் பக்கத்துக் காட்டு மரம், வரிக்குதிரைபோல வெளிர் பழுப்பில் கருங்கோடுகள் ஓடும். பழைய ஜாகுவார்களில் வால்நட். இவற்றில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மரத் தோலை, அதாவது வெனீரை, அலுமினியத்தின் மீதோ பிளைவுட் மீதோ ஒட்டி, மேலே தடிப்பான கிளியர் ஊற்றியிருப்பார்கள். வெளிப்பெயின்டின் கிளியரைவிட இது பல மடங்கு தடிமன். உரசி இறக்க இடம் இருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவது வகை, சமீபத்திய ஆடி, வால்வோ, மெர்சிடிஸ் மாடல்களில் வரும் பளபளப்பில்லாத மரம். விரலால் தடவினால் மர வரி கையில் படும். இதற்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. கீழே தனியாகச் சொல்கிறேன். நான்காவது, ஆக்சஸரிஸ் கடையில் வாங்கி ஒட்டிய உட் கிட். அது வெறும் ஸ்டிக்கராகவோ, மேலே கண்ணாடிபோலப் பிசின் ஊற்றிய ஸ்டிக்கராகவோ இருக்கும். அதில் ஆழமான கீறல் என்றால் சரிசெய்வதைவிட அந்தத் துண்டை மாற்றுவதே புத்திசாலித்தனம்.

வித்தியாசம் கண்டுபிடிக்க, கழற்ற எளிதான ஒரு துண்டை, ஆஷ்டிரே மூடி போல ஒன்றை, எடுத்து ஓரத்தையும் பின்பக்கத்தையும் பாருங்கள். பின்னால் பிளைவுட்டின் அடுக்கோ அலுமினியமோ தெரிந்தால் வெனீர். அப்புறம் வரிகளைப் பாருங்கள். அச்சில் ஒரே முடிச்சு, ஒரே சுழி இரண்டு மூன்று இடங்களில் அச்சு அசலாகத் திரும்ப வரும். நல்ல வெனீர் வேலையில் நடுக்கோட்டுக்கு இடமும் வலமும் புத்தகம் விரித்ததுபோல எதிரெதிராக வரி ஓடும். பிரதிபலிக்கும், ஆனால் நகலாக இருக்காது.

மூன்று சோதனை

நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே, அழுத்தாமல் இழுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் மேலோட்டம். 'டிக்' என்று மாட்டினால் ஆழம்.

விரல் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டுக் கீறல்மேல் தடவுங்கள். ஈரம் இருக்கும்வரை கீறல் மறைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால் அது கிளியருக்குள் இருக்கிறது. வெள்ளையாகத் தெரிந்தது பெயின்ட் போனதால் அல்ல. கீறலின் கரடான சுவர் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால். தண்ணீர் அந்தப் பள்ளத்தை நிரப்பியதும் ஒளி நேராக உள்ளே போய்விடுகிறது. ஈரத்திலும் கோடு அப்படியே தெரிந்தால் கீறல் கிளியரைத் தாண்டி அச்சையோ மரத்தையோ தொட்டுவிட்டது.

மூன்றாவது, செல்போன் டார்ச்சைப் பட்டியோடு படுக்கவைத்துப் பாருங்கள். நேராக அடித்தால் தெரியாதது சாய்வான வெளிச்சத்தில் தெரியும். வேலை முடிந்ததும் இதே டார்ச்தான் நீதிபதி.

கைவைக்கும் முன்

வண்டியை நிழலில் நிறுத்தி, பாகம் கைக்குக் குளிர்ந்த பிறகே தொடங்குங்கள். வெயிலில் நின்ற காரின் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்தச் சூட்டில் கிளியர் இளகியிருக்கும், காம்பவுண்ட், அதாவது உரசித் தேய்க்கும் பசை, நொடியில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். காம்பவுண்டின் வெள்ளை, டேஷ்போர்டின் சொரசொரப்பான கருப்புப் பிளாஸ்டிக்கில் ஏறிவிட்டால் பல்துலக்கும் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு அரை நாள் உட்கார வேண்டும். ஜன்னல் சுவிட்ச் இருக்கும் தகட்டில் தண்ணீரை நேராகத் தெளிக்கக் கூடாது, துணியில் நனைத்துத்தான்.

பாகத்தைக் கழற்றி வேலை செய்வது எப்போதும் சுகம். ஆனால் பாசஞ்சர் பக்க டேஷ்போர்டுப் பட்டி பல கார்களில் ஏர்பேக்கை ஒட்டியே இருக்கும். அதை நெம்பி எடுக்க முயலாதீர்கள். அங்கே இருந்த இடத்திலேயே கையால் மெதுவாகச் செய்யுங்கள். மற்ற இடங்களில் ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், பிளாஸ்டிக் நெம்புகோல் போதும்.

வாங்க வேண்டியவை: நல்ல மைக்ரோஃபைபர் துணி நான்கு, ஒரு காம்பவுண்ட், அதைவிட மென்மையான ஒரு ஃபினிஷிங் பாலிஷ், 2000, 3000 நம்பர் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள், நம்பர் கூடக்கூட மென்மை). பெயின்ட் கடையில் எல்லாமே கிடைக்கும். ஒரு பழைய பென்சில் ரப்பரையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: வெயிலில் மட்டும் தெரியும் மெல்லிய வலை, நகம் மாட்டவில்லை

இது வண்டியைத் துடைத்துத் துடைத்தே வந்தது. காய்ந்த துணியால் தூசியைத் துடைக்கும்போது துணிக்கும் மரத்துக்கும் நடுவே மணல் துகள் மாட்டிக்கொள்கிறது. நம் வீட்டு வண்டிகளில் இன்னொரு காரணமும் உண்டு: டேஷ்போர்டுப் பிள்ளையாருக்கு இட்ட விபூதி, ஏசிக் காற்றில் பறந்து பட்டி மேல் படியும். பசுஞ்சாணச் சாம்பலில் சிலிக்கா இருக்கிறது. பித்தளைப் பாத்திரம் துலக்க நம் பாட்டிமார் சாம்பலை எடுத்தது அதனால்தான். அதே சாம்பலைக் காய்ந்த துணியால் மரத்தின்மேல் தேய்த்தால் அதே வேலையைத்தான் செய்யும்.

சரிசெய்வது எளிது. முதலில் மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தள்ளி, ஒரு கிண்ணம் தண்ணீரில் இரண்டு சொட்டுக் குழந்தை ஷாம்பூ விட்டு, பிழிந்த துணியால் துடையுங்கள். காய்ந்ததும் ஃபினிஷிங் பாலிஷ் பட்டாணி அளவு எடுத்து, துணியை விரலில் சுற்றி, உள்ளங்கை அகல இடத்தில் ஒரு நிமிடம் தேய்த்துப் பாருங்கள். பெரும்பாலும் இதிலேயே போய்விடும். போகாவிட்டால் மட்டும் காம்பவுண்ட், அதற்குப் பின் மறுபடி பாலிஷ். வாட்டர் பேப்பரை இதற்கு எடுக்கவே கூடாது. இந்த வலை மேற்பரப்பில் ஒன்றிரண்டு மைக்ரான் ஆழம்தான். அதற்குப் போய் 2000 நம்பர் தாளால் புதிய கீறல் போடுவது வேண்டாத வேலை.

அறிகுறி: தனியாக ஒரு வெள்ளைக் கோடு, தண்ணீர் தடவினால் மறைகிறது

அதிகம் பார்ப்பது இதைத்தான். சாவி, சீட் பெல்ட் பக்கிள், சார்ஜர் வயரின் உலோக முனை, கப் ஹோல்டரில் போட்ட சில்லறை, எல்லாம் இதைச் செய்யும்.

காம்பவுண்டில் தொடங்குங்கள். துணியை விரலில் இறுக்கமாகச் சுற்றி, கீறலின் நீளவாக்கில் இல்லாமல் குறுக்காக, கொஞ்சம் அழுத்தித் தேய்க்க வேண்டும். நீளவாக்கில் தேய்த்தால் பள்ளத்தின் அடிதான் இன்னும் பறிபடும். நமக்கு வேண்டியது பள்ளத்தின் இரு கரைகளும் மழுங்குவது. இரண்டு நிமிடம், துடைப்பு, டார்ச். மூன்று முறை செய்தும் பாதிக்கு மேல் போகவில்லையென்றால்தான் வாட்டர் பேப்பர்.

3000-ஐ முதலில் எடுங்கள், அது போதவில்லையென்றால் 2000. தாளைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவையுங்கள். பென்சில் ரப்பரின் அகலத்துக்கு ஒரு துண்டு கத்தரித்து ரப்பரில் சுற்றிக்கொள்ளுங்கள். வெறும் விரலால் தேய்த்தால் விரல் நுனி அழுந்தும் இடம் மட்டும் பள்ளமாகிவிடும். ரப்பர் தட்டையாக உட்காரும், வளைவுக்கும் இணங்கும். தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டால் தாள் வழுக்கும், துகள் அடைக்காது. பத்து இழுப்பு. நிறுத்தித் துடைத்துப் பாருங்கள். இன்னும் ஐந்து. மறுபடியும் பாருங்கள்.

இந்த நேரத்தில் கண் இருக்க வேண்டிய இடம் கீறல் அல்ல, தாளுக்கடியில் வரும் நீர். பால் நிறமாக வந்தால் கிளியர்தான் தேய்கிறது, தொடரலாம். டீ நிறம் துளி தெரிந்தாலும் அந்த நொடியே கையை எடுத்துவிடுங்கள். அச்சையோ மரச்சாயத்தையோ தொட்டுவிட்டீர்கள்.

நான் முதன்முதலில் செய்த கியர் கன்சோலில் இதைக் கவனிக்கத் தவறினேன். நடுப்பகுதி அழகாக வந்தது. ஓரத்து வளைவில் நான்கைந்து இழுப்புதான் போயிருக்கும். ரப்பரைத் தூக்கினால் தாளின் மடிப்பில் பழுப்பு. துடைத்த இடத்தில் அரை அங்குல நீளத்துக்கு மர வரி வெளுத்து, அடியில் இருந்த மஞ்சள் அடிப்பூச்சு தெரிந்தது. ஓரங்களில் கிளியர் எப்போதுமே மெல்லியதாகத்தான் நிற்கும், அடித்த பூச்சு காயும் முன் கூர்மையான விளிம்பிலிருந்து விலகி ஓடுவதால். அதனால் இப்போதெல்லாம் உரசும் முன் விளிம்பிலிருந்து மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு டேப் ஒட்டிவிட்டுத்தான் தொடங்குகிறேன். விளிம்பிலேயே கீறல் இருந்தால் காம்பவுண்டோடு நிறுத்திவிடுவேன். அங்கே மிச்சம் இருக்கும் மெல்லிய கோடு, வெளுத்த விளிம்பைவிட எவ்வளவோ மேல்.

கீறல் முழுவதும் மறையும்வரை உரச வேண்டியதில்லை. முக்கால்வாசி போனதும் நிறுத்தினால், மீதியைக் காம்பவுண்ட் பார்த்துக்கொள்ளும். 2000-இல் தொடங்கினால் 3000-க்கு வந்து, பிறகு காம்பவுண்ட், பிறகு பாலிஷ். 2000 நம்பர் தாளின் துகள் ஏறக்குறைய 10 மைக்ரான். அது போட்ட தடத்தை நேரடியாகப் பாலிஷ் எடுக்காது. 3000-இல் தேய்க்கும்போது முந்தைய தடத்துக்குக் குறுக்குத் திசையில் தேய்த்தால், பழைய தடம் போய்விட்டதா என்று கண்ணாலேயே தெரியும்.

கையில் டிரில் மெஷின் இருந்தால் சின்ன ஃபோம் பேட் மாட்டிக் குறைந்த வேகத்தில் பாலிஷ் போடலாம். வெனீருக்கு நல்லது. பிளாஸ்டிக் டிரிமுக்கு நான் கையைத்தான் நம்புவேன். பேட் ஓரிடத்தில் நின்றால் சூடேறிக் கிளியர் இளகிவிடும்.

அறிகுறி: நகம் மாட்டுகிறது, ஆனால் நிறம் போகவில்லை

இங்கே உரசி இறக்கப் பார்க்காதீர்கள். பள்ளத்தின் அடிவரை சுற்றுப்புறத்தை இறக்கினால் கிளியரே மிஞ்சாது. பள்ளத்தை நிரப்புவதுதான் வழி.

இரண்டு பொருள் உண்டு. கதவு, கன்சோல் போன்ற நேர்வெயில் படாத இடத்துக்கு ஃபெவிக்விக் வகைப் பசையே போதும். காய்ந்தால் கண்ணாடி மாதிரித் தெளிவாக இறுகும். டேஷ்போர்டு போல வெயில் தின்னும் இடத்துக்கு 2கே கிளியர், அதாவது ஹார்ட்னர் என்ற இறுக்கும் திரவம் கலந்து அடிக்கும் கிளியர், நல்லது, அந்தப் பசை நாளடைவில் சூட்டில் மஞ்சளடித்து நொறுங்கலாம். 2கே கிளியருக்கு முழு டப்பா வாங்க வேண்டாம். தெரிந்த பெயின்டர் ஹார்ட்னர் கலந்து வேலை செய்யும் நாளில் ஒரு சின்ன மூடியில் கொஞ்சம் கேட்டு வாங்கினால் போதும், இறுகத் தொடங்கும் முன் வீட்டுக்கு வந்துவிடலாம். அதன் ஆவி நுரையீரலுக்கு ஆகாது. கதவுகளைத் திறந்துவைத்து, முடிந்தால் கழற்றிய பாகத்தை வெளியே வைத்துச் செய்யுங்கள்.

பள்ளத்தில் எண்ணெய், பாலிஷ் எதுவும் இருக்கக் கூடாது. பல் குச்சியின் நுனியைப் பசையில் தொட்டு, பள்ளத்தின் ஒரு முனையில் வையுங்கள். துளி தானாக ஓடி நிரம்புவதைப் பார்க்கலாம், வாய்க்காலில் தண்ணீர் போவதுபோல. ஒரே தடவையில் கொட்டாமல், மெல்லியதாக மூன்று நான்கு முறை வைத்து, கடைசியில் மேற்பரப்பைவிடக் கொஞ்சம் மேடாக நிற்கும்படி விடுங்கள். சொட்டு சிந்தினால் பருத்தித் துணியால் துடைக்கப் போகாதீர்கள். இந்தப் பசை பருத்தியில் பட்டால் கையைச் சுடும் அளவுக்குச் சூடேறும். ஈரப்பதம் மிகுந்த நாளில், முக்கியமாகச் சென்னை போன்ற கடலோர ஊர்களில், சுற்றிலும் வெள்ளைப் புகை படிந்ததுபோல ஆகும். பயப்பட வேண்டாம், மேலோட்டமான படிவுதான், காம்பவுண்டில் போய்விடும். காற்றோட்டமான இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தால் அதுவும் வராது.

ஒரு இரவு விடுங்கள். 2கே கிளியர் என்றால் ஒரு வாரம்.

இப்போது மேட்டைச் சமன் செய்ய வேண்டும். இதற்கு நான் பார்த்ததில் மிக நல்ல வழி கிட்டார் பழுது பார்ப்பவர்களுடையது. ஒரு புது பிளேடின் இரண்டு முனைகளிலும் செல்லோடேப்பைச் சுற்றிவிட்டு, நடுவில் அரை அங்குலம் மட்டும் வெறுமனே விடுவார்கள். டேப் சுற்றிய முனைகள் இரண்டும் நல்ல கிளியர் மேல் உட்காரும். நடுவில் இருக்கும் கூர், டேப்பின் தடிமன் அளவுக்கு உயர்ந்து நிற்கும். பிளேடை நெட்டாகப் பிடித்து உங்களை நோக்கி இழுத்தால் மேட்டை மட்டும் சுரண்டி எடுக்கும், மற்ற இடத்தைத் தொடவே தொடாது. மெல்லிய சுருள்கள் வரும். சுருள் வருவது நின்றால் டேப்பின் உயரத்துக்கு இறங்கிவிட்டது என்று பொருள். மிச்சத்தை 2000, 3000, காம்பவுண்ட், பாலிஷ் என்று மேலே சொன்ன வரிசையிலேயே முடியுங்கள்.

அறிகுறி: ஈரத்திலும் கோடு தெரிகிறது, நிறமே போய்விட்டது

அடியில் கருப்போ சாம்பலோ தெரிந்தால் பிளாஸ்டிக். மஞ்சள் என்றால் அச்சுக்கு அடியில் அடித்த பூச்சு. வெளிர் பழுப்பு என்றால் சாயம் போன மரம். எப்படியானாலும் முதலில் நிறம், பிறகுதான் கிளியர்.

அக்ரிலிக் பெயின்டும் மிக மெல்லிய தூரிகையும் போதும். ஒரே பழுப்பை நிரப்பினால் மச்சம் மாதிரித் தெரியும். மர வரியில் இருக்கும் இரண்டு நிறங்களில் வெளிர் நிறத்தை முதலில் வைத்து, காய்ந்ததும் கருங்கோட்டை அடுத்த வரியோடு சேரும்படி இழுங்கள். சந்தேகமாக இருந்தால் அடர் நிறத்தின் பக்கம் சாயுங்கள். மரத்தில் கருங்கோடு இயல்பு, வெள்ளைக்கோடு இயல்பல்ல. ஒரு நாள் காயவிட்டு, மேலே சொன்னபடி கிளியர் நிரப்புங்கள். உரசும்போது அந்த இடத்தில் 3000-க்குக் கீழே போக வேண்டாம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கீறலின்மேல் வால்நட் பருப்பைத் தேய்த்தால் மறையும் என்று பலர் சொல்வார்கள். வீட்டில் எண்ணெய் பூசிய மேஜைக்கு அது ஓரளவு உண்மை. பருப்பின் எண்ணெய் மரத்துக்குள் இறங்கி நிறம் கூட்டும். காரில் மரத்துக்கும் பருப்புக்கும் நடுவே கண்ணாடிபோலக் கிளியர் இருக்கிறது. எண்ணெய் எங்கேயும் இறங்காது.

அறிகுறி: கீறல் இல்லை, வெண்மையாகப் பூத்திருக்கிறது

டேஷ்போர்டு சென்ட் பாட்டில் கசிந்த இடம், அல்லது 2020-க்குப் பிறகு கன்சோலிலேயே குடியிருக்கும் சானிடைசர் சொட்டிய இடம். இரண்டிலும் உள்ள கரைப்பான்கள் கிளியரைத் தின்னும். விரல் வைத்துப் பாருங்கள். வழவழப்பாக, மங்கலாக மட்டும் இருந்தால் ஃபினிஷிங் பாலிஷில் தொடங்கி, தேவையானால் காம்பவுண்ட், பெரும்பாலும் மீண்டுவிடும். தோல் சுருங்கியதுபோல நெளிவாக இருந்தால் கிளியர் இளகி மறுபடி உறைந்திருக்கிறது. அதை 2000-இல் சமன் செய்ய முயலலாம், ஆனால் நெளிவின் பள்ளங்கள் எவ்வளவு ஆழம் என்பது உரசினால்தான் தெரியும். பால் நிறம், டீ நிறம் நினைவிருக்கட்டும்.

இப்போதுதான் சிந்தியது என்றால் தேய்க்காதீர்கள். ஒற்றி எடுத்து, ஈரத்துணியால் ஒற்றி, ஒரு நாள் அப்படியே விடுங்கள். இளகிய கிளியரைத் துடைத்தால் துணியின் நெசவு அதில் பதிந்துவிடும்.

அறிகுறி: முடி போன்ற கோடுகள், துடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது

இவை கீறல் அல்ல, விரிசல். பழைய பென்ஸ், ஜாகுவார்களில் இருபது முப்பது வருட வெயில் செய்த வேலை. மரம் ஒரு அளவில் விரிந்து சுருங்கும், கிளியர் வேறு அளவில். எங்கோ ஒருநாள் பிளந்துகொள்ளும். கீறல் மேலிருந்து கீழே இறங்கி மெலியும். விரிசல் கிளியர் முழுக்க ஊடுருவி நிற்கும், சாய்த்துப் பார்த்தால் உள்ளே ஒரு வெள்ளித் தகடுபோல மின்னும். காம்பவுண்ட் போட்டால் அந்தப் பிளவுக்குள் வெள்ளைப் பசை ஏறி முன்பைவிட மோசமாகத் தெரியும். இதற்குப் பாகத்தைக் கழற்றி, பழைய கிளியரை முழுக்க எடுத்துப் புதிதாக அடிப்பதுதான் தீர்வு. அதை வெனீர் வேலை தெரிந்த ஆசாரியிடம் கொடுங்கள். அடியில் இருக்கும் மரத் தோல் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை என்பதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள், மெஷின் வைத்துவிடப் போகிறார்.

அறிகுறி: பளபளப்பில்லாத மரத்தில் கீறல்

காம்பவுண்ட், பாலிஷ், வாட்டர் பேப்பர் மூன்றையும் தள்ளி வையுங்கள். தேய்த்த இடம் மட்டும் மினுமினுக்கத் தொடங்கினால் அதைத் திரும்ப மங்கலாக்குவது மிகக் கடினம். மரச்சாமான் கடைகளில் கிடைக்கும் டச்-அப் மெழுகுக் குச்சியை, பட்டியைவிட ஒரு படி அடர்ந்த நிறத்தில் எடுத்து, கீறலில் வரியின் போக்கிலேயே தடவி, அதிகப்படியை உடனே துணியால் வழித்துவிடுங்கள். கீறல் போகாது, கண்ணுக்கு மர வரியோடு சேர்ந்துவிடும். அவ்வளவுதான் இதில் நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது.

அறிகுறி: போன கீறல் ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிட்டது

போகவே இல்லை. டேஷ்போர்டு ஷைனரில் இருக்கும் சிலிகான், அல்லது தேங்காய் எண்ணெய், தண்ணீர் செய்த அதே வேலையைச் செய்திருக்கிறது: பள்ளத்தை நிரப்பி மறைத்தது. நாளடைவில் அது விலகியதும் கோடு வெளியே வந்துவிட்டது. வாட்டர்வாஷ் முடிந்து வரும் வண்டி அன்று மட்டும் புதுசாகத் தெரிவதற்கும் இதுவே காரணம். இதில் வேறொரு தொல்லையும் இருக்கிறது. சிலிகான் ஏறிய இடத்தில் கிளியர் வைத்தால் ஒட்டாமல் மீன்கண் மாதிரிக் குழிகுழியாக விலகும். ஆகவே நிரப்பும் வேலைக்கு முன் ஷாம்பூத் தண்ணீரில் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் புதுத் துணியால், துடைத்தே ஆக வேண்டும்.

பற்பசையைப் பற்றியும் பலர் கேட்பார்கள். அதில் மெல்லிய உரசும் தூள் இருக்கிறது, அவசரத்துக்கு வேலை செய்யும். ஆனால் தூளின் அளவு நம் கையில் இல்லை, இடுக்கில் காய்ந்தால் வெள்ளையாக நிற்கும். பல்பொடி வேண்டவே வேண்டாம்.

அறிகுறி: கீறல் போய்விட்டது, ஆனால் அந்த இடம் மட்டும் மங்கல்

டார்ச்சைச் சாய்த்துப் பாருங்கள். ஒரே திசையில் நேர்கோடுகள் தெரிந்தால் வாட்டர் பேப்பரின் தடம். ஒரு படி பின்னால் போய் 3000-இல் மறுபடி தொடங்குங்கள், பாலிஷை மட்டும் மேலும் மேலும் தேய்ப்பதால் வராது. கோடு இல்லாமல் பனிபோல இருந்தால் காம்பவுண்டின் மங்கல், புதுத் துணியில் ஃபினிஷிங் பாலிஷ் போதும். ஒரே துணியைக் காம்பவுண்டுக்கும் பாலிஷுக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் இந்த மங்கல் ஜென்மத்துக்கும் போகாது.

பிள்ளையார் சிலையை எடுத்த இடத்தில் டபுள் டேப்பின் பசை மட்டும் ஒட்டியிருந்தால் பிளேடால் சுரண்டாதீர்கள். தேங்காய் எண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விட்டு, கட்டைவிரலால் உருட்டினால் மணிமணியாகத் திரண்டு வரும். பிறகு ஷாம்பூத் தண்ணீர். பெட்ரோல், தின்னர் இரண்டும் அந்தப் பக்கமே வரக் கூடாது.

வேலை முடிந்த வண்டியை இரண்டு நாள் நிழலில் நிறுத்துங்கள், நிரப்பிய இடம் முழுதாக இறுகட்டும். கண்ணாடிக்கு ஒரு சன்ஷேடு வாங்கிப் போட்டால் டேஷ்போர்டுக் கிளியருக்கு அது பெரிய உதவி. சில்லறைக்கும் சாவிக்கும் ஒரு துண்டு வெல்வெட்டைக் கன்சோல் தட்டில் விரித்துவிடுங்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைக்கும்போது மரத்தில் வைக்காமல் ஸ்டீயரிங் நடுவிலோ கண்ணாடியிலோ வையுங்கள். பிள்ளையாருக்கு விபூதி இட்டால், மறுநாள் துடைப்பது ஈரத்துணியாக இருக்கட்டும்.